பாட்டு சுத்தினால் செய்ய வேண்டியவை

1

கண்டியில் சிறு சஞ்சிகை நடத்தும் ஒருவர், ஜேர்மனி வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தார். "பனி, தனிமை, ஊர் ஏக்கம் எல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வாசகர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது இருந்தால் நல்லது" என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. எனக்கு அந்த வரி பிடித்தது. பனியைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. அது விழும். வாசலைக் கூட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி கடிதம் போடுவாள். அவ்வளவுதான்.

பயன்படுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இணையத்தில் பாட்டுக் கேட்கும்போது அது விட்டு விட்டு வந்தால் என்ன செய்வது என்று தெரியும். இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் இதே வேலையாக இருந்தேன். கண்டியிலும் இப்போது கடைகளுக்கும் சில வீடுகளுக்கும் இணைப்பு வந்துவிட்டது என்கிறார்கள். ஆகவே அதையே எழுதுகிறேன். இதை எழுதும் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. எதற்கு ஒரு வருஷம் என்பதை வரும் இடத்தில் சொல்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் இதை மட்டும் வரிசையாகத்தான் சொல்ல முடியும்.

பாட்டு போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நின்றுவிடும். திரையில் ஒரு சின்ன வட்டம் தோன்றி, தன்னைத்தானே துரத்திக்கொண்டு சுழலும். இதற்கு நல்ல தமிழில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. நானும் என் தம்பியும் 'சுத்துது' என்போம்.

சுத்தினால் முதலில் செய்ய வேண்டியது, பிழை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது. அனுப்புகிற பக்கமா, கேட்கிற பக்கமா? வேறொரு நிலையத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் சுத்தினால் பிழை உங்கள் பக்கம். அது ஒழுங்காகப் பாடினால் அனுப்புகிறவர் பக்கம். இது தெரியாமல் கம்பிகளைப் பிடுங்கி மாட்டுவதில் பிரயோசனம் இல்லை.

2

என் தம்பி ரவி என்னைவிட இரண்டு வயது இளையவன். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தோம். பள்ளிக்கூடம் முடித்ததும் இருவரும் ஒரே பஸ்ஸில் கண்டிக்கு வேலைக்குப் போனோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அப்பால் ஒரு சந்தில், மாடியில், ஒரு ரெக்கோர்டிங் பார். என் மகளிடம் இதைச் சொன்னபோது நாங்கள் சாராயம் விற்றதாக நினைத்துக்கொண்டாள். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கெஸட்டில் பதிந்து தரும் கடை அது. ரவி பதிவான். நான் அட்டையில் பாட்டுகளின் முதல் அடிகளை எழுதுவேன். என் கையெழுத்துக்காகவே வந்தவர்கள் உண்டு என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

பதிந்து கொண்டுபோன கெஸட்டைச் சிலர் திருப்பிக் கொண்டுவருவார்கள். "டேப் சுத்துது, பாட்டு வரல" என்பார்கள். எங்கள் சொல் அங்கிருந்து வந்ததுதான். பெரும்பாலும் அவர்களுடைய இயந்திரம்தான் நாடாவைக் கடித்துத் தின்றிருக்கும். ஆனால் ரவி பார்த்தவுடனே, "பிழை எங்க பக்கம்தான், வேற பதிஞ்சு தர்றேன்" என்று வாங்கிக்கொள்வான். முதலாளி யாழ்ப்பாணத்தவர். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டேய், அவன்ரை மெசின்தான் பழுது. நீ ஏனடா சும்மா பழியை வாங்கிறாய்?"

"விடுங்க முதலாளி, அந்த மனுசன் சந்தோஷமா போறாரு."

ஒருதரம் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய கெஸட்டுக்கும் யாரோ ஒருவர் கேட்ட சோகப் பாட்டுக் கெஸட்டுக்கும் அட்டையை மாற்றிப் போட்டுவிட்டேன். மணவறையில் என்ன பாடியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் தகப்பன் கடைக்கு வந்து குதித்தார். ரவி முன்னால் போய் நின்று, தான்தான் மாற்றியதாகச் சொல்லி அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு எண்பத்து மூன்று. தமிழர் கடைகள் எரிந்த ஆடி மாதத்து அந்தக் கிழமையைப் பற்றிக் கண்டி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கீழே தெருவில் சத்தம் கேட்டது. முதலாளி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "பின்படியால ஓடுங்கோ பிள்ளையள்" என்றார். ரவி இயந்திரத்தின் முன்னால் குந்திக்கொண்டிருந்தான். ஒரு கெஸட் பாதி பதிந்திருந்தது.

"ஒரு நிமிஷம்க்கா, இந்தப் பாட்டு முடியட்டும்."

நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்படியால் இறங்கினேன். தண்டவாளத்தோடு பேராதனை வரைக்கும் நடந்தோம். வழி முழுக்க அவன், "மெசினை நிப்பாட்டாம வந்துட்டோம்க்கா" என்று புலம்பிக்கொண்டே வந்தான். நான் அவனை அறைந்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தபோது கடை கரியாகக் கிடந்தது. எரியாமல் தப்பிய நாடாக்கள் சந்து முழுக்க மின்கம்பிகளில் சிக்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ரவி கைக்கெட்டிய ஒரு துண்டை இழுத்து எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, வெறும் கெஸட் ஒன்றுக்குள் சுற்றிப் போட்டுப் பார்த்தான். அரை அடி பாட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது. அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டான்.

முதலாளியின் உறவினரான மகேந்திரனைக் கட்டிக்கொண்டு நான் ஜேர்மனிக்கு வந்தேன். ரவியையும் கூப்பிட்டுப் பார்த்தேன். "நீங்க போங்கக்கா, கடையை யாராவது பாக்கணும்ல" என்றான். அப்போது கடையே இல்லை. பிறகு அதே சந்தில், அதே மாடியை வாடகைக்கு எடுத்தான். கெஸட் போய் சீடி வந்து, சீடியும் போகத் தொடங்கிய காலம்வரை அங்கேயே இருந்தான்.

3

நாங்கள் இருப்பது டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். ஒரு நாள் ரவி தொலைபேசியில், கடைக்கு இணைப்பு எடுத்துவிட்டதாகவும், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பழைய கெஸட்டுகளிலிருந்து பாட்டுப் போடப்போவதாகவும் சொன்னான். உலகத்தில் எங்கிருந்தும் கேட்கலாமாம். கேட்டவர்கள் என்னவோ நாங்களும், கனடாவில் சிலரும், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக் கூடலூரில் குடியேறிய சொந்தக்காரர்களும்தான். ஆனால் ரவி வானொலிக்காரர்களைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு, "ஜேர்மனியிலிருந்து அக்கா செல்வராணி, அத்தான் மகேந்திரன், மருமகள் அபிராமி விரும்பிக் கேட்ட பாடல்" என்பான். நாங்கள் எதையும் விரும்பிக் கேட்டிருக்க மாட்டோம். பிறந்தநாள் வந்தால் வாழ்த்துச் சொல்வான்.

கண்டியில் மாலை ஐந்து என்றால் எங்களுக்கு மதியம் பன்னிரண்டரை, கோடையில் ஒன்றரை. சமையல் நேரம். குசினியில் கம்பியூட்டரை வைத்துக்கொண்டு கேட்பேன். ஒரு பாட்டுக்கு நான்கு தரம் சுத்தும்.

இங்கே இணைப்பைச் சரி செய்வதென்றால் ஒரு தொலைபேசி போதாது. கடிதம் எழுத வேண்டும். அவர்கள் பதில் எழுதுவார்கள். பிறகு ஒரு ஆள் வருவார், காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் இடையில் என்றாவது ஒரு நாள். நான் முதலில் தொலைபேசியிலேயே முயன்றேன். இருபத்தொரு வருஷம் இந்த நாட்டில் இருந்த துணிச்சல். ஜேர்மன் மொழியில் மெதுவாக என்பதற்கு ஒரு சொல், சலிப்பாக என்பதற்கு இன்னொரு சொல். இரண்டும் 'லாங்' என்றே தொடங்கும். நான் அவசரத்தில், "என் இணையம் மிகவும் சலிப்பூட்டுகிறது" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண், "எனக்கும் அப்படித்தான், அம்மணி" என்றாள். என் மகள் அபிராமி பக்கத்திலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பதினாறு வயது. அந்த வருஷத்தில் அவள் என்னோடு சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான் என்பதால் நான் கோபிக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் அறைக் கதவு பூட்டியிருக்கும். தட்டினால் ஜேர்மனில் பதில் வரும். மாமா தன் பெயரைச் சொல்லும்போது வந்து கேளடி என்றால், "அவருக்கு என்னைத் தெரியாதே" என்பாள்.

நிறுவனம் உதவாததால் நானே கற்றுக்கொண்டேன். கம்பியில்லாமல் கேட்பதைவிடக் கம்பியை நேரே மாட்டிக் கேட்பது நல்லது. பாட்டைத் திறந்தவுடன் ஒலிக்க விடாமல் நிறுத்தி வைத்து, அரை நிமிஷம் முன்கூட்டிச் சேர விட வேண்டும். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் பாட்டு மென்பொருளிலேயே கூட்டி வைக்கலாம். ஒலியின் தரத்தைக் குறைத்து அனுப்பச் சொல்லலாம். பழைய கெஸட் பாட்டுக்கு அது போதும். வேறு எதையும் திறந்து வைக்கக் கூடாது. வீட்டில் வேறு யாரும் படம் இறக்கக் கூடாது. கம்பி இல்லாமல் கேட்பவர்கள், மைக்ரோவேவ் அடுப்பைப் பாட்டு நேரத்தில் போடவே கூடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மகேந்திரன் வேலை முடிந்து வந்து சோற்றைச் சூடாக்கும்போதெல்லாம் பாட்டு நின்றது. பச்சைத் தண்ணியாக இருந்த சோற்றோடு கதிரையில் உட்கார்ந்துகொண்டு, "உந்தப் பாட்டுக்கு ஏனப்பா இப்பிடி அந்தரப்படுறீர்?" என்பார்.

அந்தரம் என்பது சரியான சொல். பாட்டு ஓடும்போதும் அது எப்போது நிற்குமோ என்றே கேட்டேன். ஊரில் இருந்து வரும் எதையும் நான் அப்படித்தான் கேட்டேன், அந்த வருஷங்களில். தொலைபேசி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பயம்.

ஒவ்வொரு ஞாயிறும் நிகழ்ச்சிக்கு நடுவில் ரவியைக் கூப்பிடுவேன். "சுத்துதாக்கா?" என்பான். "சுத்துது" என்பேன். ஒரு சிவப்புக் கொப்பியில் குறித்துக்கொள்வான். எத்தனை மணிக்குச் சுத்தியது, எப்போது நின்றது என்று. பிழை எந்தப் பக்கம் என்று கேட்டால், பார்க்காமலே, "எங்க பக்கம்தான்க்கா" என்பான். ஒருமுறை ஒரு மாதமாகச் சுத்திக்கொண்டே இருந்தது. அந்த மாதம் முழுக்க அவன் எங்க பக்கம், எங்க பக்கம் என்று சொல்லித் தன் கம்பியூட்டரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினான். கடைசியில் பார்த்தால் எங்கள் குசினியில் கதிரைக் கால் ஒன்று கம்பியை நசுக்கிக்கொண்டிருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

4

போன வருஷம் இதே கிழமை, ஞாயிறு. மூன்று பாட்டு முடிந்தது. கூடலூரில் யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னான். நாலாவது பாட்டு நடுவில் நின்றது. வட்டம் சுத்தியது.

கம்பியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. வேறொரு நிலையத்தைத் திறந்தேன். அதுவும் சுத்தியது. ஆகவே பிழை எங்கள் பக்கம் என்று முடிவு செய்தேன். அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று, கம்பியூட்டரிலிருந்தே அவனுடைய கைத்தொலைபேசிக்கு அழைத்தேன். குரலும் விட்டு விட்டுத்தான் வந்தது.

"அக்கா, சுத்தி..."

வெட்டுப்பட்டது. மறுபடி வந்தது.

"...க்கா, என்ன செய்ய?"

அவன் தாழ்ந்த குரலில் பேசினான். ஒலிவாங்கி திறந்திருக்கிறது போலிருக்கிறது, அதனால்தான் மெல்லப் பேசுகிறான் என்று நினைத்தேன்.

"இங்கயும் சுத்துதுடா" என்றேன். "நீ பதறாத. எல்லாத்தையும் நிப்பாட்டிட்டுத் திரும்பப் போடு. அசையாம அப்படியே இரு. அஞ்சு நிமிஷத்துல தானா சரியாயிடும்."

பிறகு, "சரிக்கா" என்றான். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

நான் போய்க் கறியைக் கிண்டினேன். வட்டம் சுத்திக்கொண்டே இருந்தது. பின்னேரம் வரைக்கும் அதை மூடாமல் விட்டு வைத்திருந்தேன்.

அடுத்த நாள் காலை ரவியின் மனைவி மல்லிகா பேசினாள்.

"அண்ணி, அவர கூட்டிக்கிட்டு போயிட்டாங்க."

"யாரு? எங்க?"

"நேத்து பின்னேரம் ஆமிக்காரங்க வந்து சந்தோட ரெண்டு பக்கத்தையும் சுத்தி வளைச்சிருக்காங்க. கீழ தையல் கடை முஸ்லிம் நானா, பின்படி இன்னும் தொறந்துதான் கெடக்கு, வாங்க போயிடலாம்னு வந்து கூப்பிட்டிருக்காரு. இவரு போகலையாம். அக்கா அசையாம இருக்கச் சொன்னாங்கன்னு சொல்லிட்டு, கம்பியூட்டர நிப்பாட்டித் திரும்பப் போட்டுக்கிட்டு இருந்தாராம்."

சுத்தி வளைத்துவிட்டார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். பாதிச் சொல்தான் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மீதியை நான் போட்டு நிரப்பிக்கொண்டேன்.

"நீங்க ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?" என்று மல்லிகா கேட்டாள்.

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. ஏதோ காரணம் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டால் தனக்கும் தைரியமாக இருக்கும் என்று கேட்டாள். எண்பத்து மூன்றில் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவள் நான். ஓடு என்றால் ஓடவும், இரு என்றால் இருக்கவும் அவனுக்கு என் சொல் போதும்.

5

அந்தச் சந்தில் பிடித்தவர்களில் பலரை அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே விட்டுவிட்டார்கள். வடக்கு விலாசம் இல்லாமல் கலஹா விலாசம் உள்ள ரவியையும் விட்டிருப்பார்கள் என்று மல்லிகா பிடித்த சட்டத்தரணி சொன்னார். மாட்டிக்கொடுத்தது சிவப்புக் கொப்பி. அதில் அவன் பாட்டுப் போடும் வெளிநாட்டுக்காரர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அபிராமி யார், ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு ஏன் பாட்டு என்று கேட்டார்களாம். அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். அடுத்த பக்கங்களில் இப்படி இருந்தது: '5.20, ஜேர்மனி, சுத்துது. 5.40, சுத்தல் நின்றது. கனடா, சுத்தல் இல்லை.' தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் அதை வாசித்து, இவன் கண்டியில் நடக்கும் சுற்றிவளைப்புகளை மணிக்கணக்கோடு வெளிநாட்டுக்கு அறிவிக்கிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் சுற்றிவளைப்பைப் பாட்டு என்று கேட்டேன். அவர்கள் பாட்டைச் சுற்றிவளைப்பு என்று வாசித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம். ரவியைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

சட்டத்தரணி, 'சுத்துது' என்றால் இணையத் தடங்கல் என்று ஜேர்மனியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய ஒரு கடிதம் வேண்டும் என்றார். டோர்ட்முண்டில் சத்தியப் பிரமாணம் எடுத்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். அவரிடம் நானும் மகேந்திரனும் போனோம். அறை நிறைய அகராதிகள். பொறுமையாகத்தான் கேட்டார்.

"தங்கச்சி, சுற்று எண்டால் சுழல். சுழல் எண்டு வேணுமெண்டால் போட்டுத் தாறன். இணையம் நிக்கிறதுக்கு அப்பிடி ஒரு கருத்து அகராதியில இல்லை. இல்லாததுக்கு நான் முத்திரை குத்தேலாது."

"நாங்க அப்படித்தான் சொல்றோம் ஐயா. கெஸட் நின்னாலும் தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஓம், நீங்கள் சொல்லுவியள். புத்தகம் சொல்ல வேணுமே."

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அழுதேன். மகேந்திரன் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் அபிராமி தானாகவே குசினிக்கு வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசையைப் பார்த்துக்கொண்டு தமிழில் பேசினாள். அவளுடைய தமிழ் தகப்பன் வழித் தமிழ், அரைவாசி மறந்த தமிழ்.

"அம்மா, அண்டைக்கு நான் படம் இறக்கினனான். ரெண்டு படம். அதாலதான் சுத்தினது. மாமா சொன்னது அதாலதான் உங்களுக்குக் கேக்கேல்லை."

நான் அவளுக்கு அடித்துவிடுவேனோ என்று பயந்தேன். அடிக்கவில்லை. இரண்டு வருஷம் அந்த வீட்டில் எல்லாக் கம்பியையும் பார்த்தவள், அன்றைக்கு அவள் அறைக் கதவை மட்டும் தட்டவில்லை என்று நினைத்தேன். "இல்லடி, பிழை என்னோடதுதான்" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஆனால் யோசனை அவளுடையதுதான். "நீங்கள் எத்தனை தரம் அந்தக் கொம்பனிக்கு முறைப்பாடு செய்தனீங்கள்? அவை எல்லாம் எழுதி வைச்சிருப்பினம்" என்றாள். அவளே நல்ல ஜேர்மனில் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினாள். பள்ளிக்கூடம் விட்டு நேரே அவர்களுடைய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். ஐந்தாவது கிழமை தடித்த உறை ஒன்று வந்தது. இரண்டு வருஷத்து முறைப்பாடுகள் அத்தனையும் திகதியோடும் மணியோடும் அதில் இருந்தன. இந்த நாட்டில் எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டார்கள் என்று நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். அவற்றில் எத்தனையோ ஞாயிறுகள் ரவியின் கொப்பியில் இருந்த ஞாயிறுகள். நேர வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தால் மணிகூடப் பொருந்தியது. அதை மொழிபெயர்த்து முத்திரை குத்த அகராதி ஐயாவுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன் என்றார். ஆகவே முதல் வரி, 'வாடிக்கையாளர் தமது இணையம் மிகவும் சலிப்பூட்டுவதாகத் தெரிவிக்கிறார்' என்றே கண்டிக்குப் போனது.

அந்தக் கடிதம்தான் உதவியதா, இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் ரவியை விட்டார்கள்.

6

அவன் வந்த பிறகு நாங்கள் ஞாயிறுதோறும் பேசுகிறோம். கடையைத் திறக்கவில்லை. கம்பியூட்டர் திரும்பக் கிடைக்கவில்லை, கொப்பியும்தான். பேராதனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். எப்படி இருக்கிறாய் என்றால், "நல்லா இருக்கேன்க்கா, நீங்க எப்படி?" என்பான். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவான். இடது காது சரியாகக் கேட்பதில்லை என்று மல்லிகா தனியாகச் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

ஏழு மாதமாக ஒரே கேள்வி எனக்குள் இருக்கிறது. அது என்னை ஒரு இடத்தில் உட்கார விடவில்லை. பஸ்ஸில் என் இறங்குமிடத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். நான் சொன்னதால்தான் அவன் இருந்தானா? இருந்ததால் பிடிபட்டானா? பின்படியால் போயிருந்தால் தப்பியிருப்பானா? தையல் கடை நானா தப்பிவிட்டார் என்று எனக்குத் தெரியும். அவரும் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. எல்லோரும் என்மேல் இவ்வளவு இரக்கமாக இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆசிரியர் இதை அச்சிடுவாரோ தெரியாது. இந்தக் காலத்தில் அச்சிட வேண்டாம் என்று சொன்னாலும் குறை நினைக்க மாட்டேன். கம்பியைப் பற்றியும் மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றியும் எழுதிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவும் சோதித்துப் பார்த்தவை.

இன்று காலை இதை எழுதத் தொடங்கி, நாலாவது பகுதிக்கு மேல் ஓடாமல், மத்தியானம் எழுந்து ரவிக்கு அழைத்தேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அதே கதிரை, அதே நேரம். அபிராமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் ஞாயிறு மத்தியானம் அவள் எதையும் இறக்குவதில்லை. யாரும் சொல்லி அல்ல.

மழையைப் பற்றிப் பேசினோம். கலஹா பாதையில் மண் சரிந்ததைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் கேட்டுவிட்டேன்.

"ரவி, அன்னைக்கு நீ சுத்தி வளைச்சிட்டாங்கன்னுதானே சொன்னே?"

"ஆமாங்க்கா."

"எனக்கு அது விளங்கலடா. பாட்டு சுத்துதுன்னு நெனச்சுத்தான் இருக்கச் சொன்னேன். பின்படி தொறந்திருந்துச்சுல்ல? நான் சொன்னதாலதானே நீ போகல?"

திரையில் வட்டம் வந்து சுத்தத் தொடங்கியது. நான் கம்பியைத் தொடவில்லை. அபிராமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ரவியின் குரல் வந்தது. வானொலிக் குரல் இல்லை. ரெக்கோர்டிங் பாரில் வாடிக்கையாளரிடம் பேசும் குரல்.

"உங்க பக்கம் ஒன்னும் இல்லக்கா. பிழை எங்க பக்கம்தான்."

அபிராமி நீளமாக மூச்சு விட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது.

"கேட்டனீங்களே அம்மா?" என்றாள். "எங்கட பக்கம் இல்லையாம்."

அவளுக்கு என் தம்பியைத் தெரியாது.